அனிமேஷன் படிக்கும் தம்பிக்கு எந்தப் பிராசஸர்?

கேள்வி: அனிமேஷன் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் மாயா என்ற முப்பரிமாண மென்பொருளைச் சொல்லித் தருகிறார்கள், வீட்டில் அதே வகையைச் சேர்ந்த பிளெண்டரைப் பயன்படுத்துகிறேன். என்னிடம் இருப்பது நான்கு கோர் கொண்ட பழைய லேப்டாப். ரிக் செய்த, அதாவது அசைப்பதற்கு எலும்புக்கூடு பொருத்திய, ஒரு கதாபாத்திரத்தைத் திறந்து ஓடவிட்டாலே திணறுகிறது. அக்கா தன் சேமிப்பிலிருந்து புதுக் கணினிக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒருமுறைதான் கேட்க முடியும். கடையில், "அனிமேஷன் என்றால் கோர் அதிகம் வேண்டும், பதினாறு கோர் வாங்குங்கள், கிராஃபிக்ஸ் கார்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். சீனியர் ஒருவர், "பிராசஸர் எதுவானாலும் சரி, எல்லாப் பணத்தையும் கிராஃபிக்ஸ் கார்டில் போடு" என்கிறார். லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்பதிலும் குழப்பம். முப்பது வினாடிப் படம் ஒன்றை இந்த ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். என்ன வாங்கட்டும்?

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு கோர் வேண்டாம். (கோர் என்பது பிராசஸருக்குள் தனியாகக் கணக்கிடும் பகுதி.) அண்மைத் தலைமுறைகளைச் சேர்ந்த, ஒவ்வொரு கோரும் வேகமாக ஓடக்கூடிய ஆறு கோர் பிராசஸர் ஒன்றை வாங்குங்கள். மிஞ்சும் பணத்தில் முதலில் 32 ஜிபி ரேம், அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு. உங்கள் சீனியர் சொன்னதில் பாதி சரி. 'பிராசஸர் எதுவானாலும் சரி' என்கிற மற்றப் பாதியை நம்பி வாங்கினால், நீங்கள் படிக்க வந்த தொழிலையே சரியாகக் கற்க முடியாமல் போகும். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தவற்றை நான் செய்திருக்கிறேன்.

அனிமேட்டர் கணினியின் முன் இரண்டு விதமாகக் காத்திருக்கிறார். கையில் மவுஸை வைத்துக்கொண்டு காத்திருப்பது ஒன்று: கதாபாத்திரத்தின் தோளைத் திருப்புகிறீர்கள், ஓடவிட்டுப் பார்க்கிறீர்கள், இரண்டு ஃபிரேம் தள்ளி வைக்கிறீர்கள், மறுபடி ஓடவிடுகிறீர்கள். ஒரு மாலைக்குள் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கும். மற்றொன்று, ரெண்டர் (காட்சியை முடிந்த படங்களாகக் கணக்கிட்டு வெளியிடுவது) போட்டுவிட்டுத் தூங்கப்போவது. கடையில் காட்டுகிற எண்களும் விளம்பரத்தில் வருகிற ஒப்பீட்டுப் பட்டைகளும் பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான் அளக்கின்றன. நீங்கள் கற்பது முழுக்க முழுக்க முதலாவதில் நடக்கிறது.

மாணவனாக இருந்தபோது, இரண்டு சர்வர் பிராசஸர்கள் பொருத்திய பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினேன். கோர்கள் ஏராளம். ஒவ்வொரு கோரின் வேகமோ 2 கிகாஹெர்ட்ஸைச் சற்றே தாண்டும். ரெண்டர் நன்றாகவே ஓடியது. ஆனால் ரிக் செய்த கதாபாத்திரத்தை வியூபோர்ட்டில் (மென்பொருளில் வேலை செய்யும் காட்சிச் சாளரம்) ஓடவிட்டால் வினாடிக்கு ஒன்பது, பத்து ஃபிரேம்தான் வந்தது. முதியவர் ஒருவர் நடந்துவந்து திண்ணையில் உட்காரும் காட்சியை அதில் இரண்டு வாரம் செதுக்கினேன். திரையில் அவர் நடையில் முதுமையின் பாரம் இருந்தது, முழங்காலை மடக்கும்போது வலி தெரிந்தது. ரெண்டர் செய்து வினாடிக்கு 24 ஃபிரேமில் பார்த்தபோது அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் போல விரைந்து வந்து தொப்பென்று உட்கார்ந்தார். பாதிக்கும் குறைவான வேகத்தில் பார்த்துப் பார்த்து, அந்த வேகத்துக்கு ஏற்ப என் கண் பழகிவிட்டிருந்தது. அதைத் திருத்திக்கொள்ள ஒரு பருவம் முழுவதும் பிடித்தது. டைமிங் என்பது கண்ணுக்கும் கைக்கும் ஏறுகிற பயிற்சி. தப்பான வேகத்தில் ஏறிவிட்டால், இறக்குவதற்குப் பாடு அதிகம்.

பிளெண்டரில் ஓடவிடும்போது வியூபோர்ட்டின் மூலையில் ஓர் எண் தெரியும். நீங்கள் வைத்திருக்கும் ஃபிரேம் வேகத்துக்குக் கீழே போனால் அது சிவப்பாகிவிடும். அந்தச் சிவப்பு எண்ணைத்தான் நீங்கள் பணம் கொடுத்துப் போக்க வேண்டும். (ஃபிரேம்களை விட்டுவிட்டு, நேரத்தை மட்டும் சரியாகக் காட்டும் 'ஃபிரேம் டிராப்பிங்' முறை ஒன்று பிளேபேக் அமைப்பில் இருக்கிறது. புதுக் கணினி வரும்வரை அதை வைத்தே பாருங்கள். அசைவு வெட்டி வெட்டி வந்தாலும் கால அளவு பொய் சொல்லாது.)

கோர்களைக் கூட்டினால் அந்த எண் ஏன் ஏறுவதில்லை? வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 42 மில்லி வினாடி. அதற்குள் பிராசஸர் ரிக் முழுவதையும் கணக்கிட்டுவிட வேண்டும். ரிக் என்பது ஒரு சங்கிலி. இடுப்பு எங்கே என்று தெரிந்த பிறகுதான் முதுகெலும்பு, அதன் பிறகுதான் தோள், முழங்கை, மணிக்கட்டு, கடைசியாக விரல் நுனி. முன்னது முடியாமல் பின்னது தொடங்காது. நூறு பேர் வரிசையில் நின்றாலும் குடம் கை மாறித்தான் வர வேண்டும் என்பது போல, இந்தச் சங்கிலியைப் பதினாறு கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழியில்லை. எலும்புகளுக்கு ஏற்பத் தோலை வளைப்பது, பரப்பை மென்மையாக்குவது போன்ற வேலைகளைப் பிரிக்கலாம். காட்சியில் நான்கு கதாபாத்திரங்கள் இருந்தால் ஆளுக்கொரு கோராகவும் பிரிக்கலாம். மாயாவில் 2016 பதிப்பிலிருந்து இப்படி இணையாகக் கணக்கிடும் முறை இருக்கிறது, பிளெண்டரும் இதைச் செய்கிறது. ஆனால் மாணவர்களின் காட்சியில் பெரும்பாலும் இருப்பது ஒரு கதாபாத்திரம், ஒரு சங்கிலி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ரிக்கின் ஒரு ஃபிரேமுக்கு ஒற்றைக் கோரில் 60 மில்லி வினாடி ஆகிறது, அதில் 45 சங்கிலி வேலை, 15 பிரிக்கக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கோரில் அந்தப் 15 இரண்டரையாகக் குறையும். மொத்தம் 47.5, அதாவது வினாடிக்கு 21 ஃபிரேம். பதினாறு கோர் வாங்கினால் 15 என்பது ஒன்றுக்கும் கீழே போகும். மொத்தம் ஏறத்தாழ 46, வினாடிக்கு 22 ஃபிரேம்கூட முழுதாக வரவில்லை. பத்துக் கோர் கூடுதலாக வாங்கி ஒரு ஃபிரேம்கூடச் சம்பாதிக்கவில்லை. அதே ஆறு கோரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் 30 சதவீதம் வேகமாக இருந்தால் 47.5 என்பது 36.5 ஆகும், வினாடிக்கு 27 ஃபிரேம். சிவப்பு எண் போய்விட்டது. ஜீன் அம்டால் என்ற கணினிப் பொறியாளர் 1967இல் எடுத்துச் சொன்ன விதி இதுதான்: பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே மொத்த வேகத்துக்கு எல்லை.

துணி, முடி, நீர் போன்ற சிமுலேஷன்களிலும் இதன் சாயல் உண்டு. இருபதாம் ஃபிரேமில் பாவாடை எப்படி விரிகிறது என்பது பத்தொன்பதாம் ஃபிரேமில் அது எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே ஃபிரேம்களைக் கோர்களுக்குப் பங்கு போட முடியாது. ஒரு ஃபிரேமுக்குள் நடக்கும் கணக்கை ஓரளவு பங்கு போடலாம், அவ்வளவுதான்.

இனி ரெண்டர். கடைக்காரர் சொன்னது இங்கே உண்மை. பிளெண்டரின் சைக்கிள்ஸ், மாயாவின் ஆர்னால்டு போன்ற ரெண்டரர்கள் பிராசஸரில் ஓடும்போது படத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாக்கி ஒவ்வொரு கோருக்கும் கொடுக்கும். பகுதிகள் ஒன்றுக்கொன்று காத்திருப்பதில்லை, கோர் கூடக் கூட நேரம் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறையும். உங்கள் முப்பது வினாடிப் படத்துக்கு 720 ஃபிரேம். ஆறு கோரில் ஃபிரேமுக்கு நான்கு நிமிடம் என்றால் 48 மணி நேரம், எட்டுக் கோரில் 36, பதினாறில் 18. இந்த எண்களைப் பார்த்தால் பதினாறு கோர் மேல் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் அந்த நான்கு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இவ்வகை ரெண்டரர்கள் ஒளிக்கதிர்களைச் சீட்டுக் குலுக்குவது போல எறிந்து, சராசரி எடுத்துப் படத்தை உருவாக்குகின்றன. குறைவாக எறிந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள், அதாவது ஒரு பிக்சலுக்கு எறியும் கதிர்கள், வேண்டும், நான்கு மடங்கு நேரம் ஆகும். மாணவர்களில் பலர் எதற்கும் இருக்கட்டும் என்று 1024 சாம்பிள் வைத்து, கணினி போதவில்லை என்று வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். 256 சாம்பிள் வைத்து, மிச்சப் புள்ளிகளை டீநாய்ஸர் கொண்டு துடைத்தால், உங்கள் காட்சிக்கு அது போதுமானதாக இருந்தால், 48 மணி நேரம் ஆறு கோரிலேயே ஏறத்தாழ 12 மணி நேரமாகிவிடும். டீநாய்ஸருக்கு ஃபிரேமுக்குச் சில வினாடி கூட்டிக்கொள்ளுங்கள். கோர் வாங்கிக் கிடைத்திருக்கக்கூடிய 18 மணி நேரத்தைவிட இது குறைவு, செலவும் இல்லை. பிளெண்டரிலேயே இருக்கும் 'ஓப்பன் இமேஜ் டீநாய்ஸ்' இன்டெல் உருவாக்கியது, ஆனால் ஏஎம்டி பிராசஸரிலும் ஓடும். வரிசையாக ஓடும் ஃபிரேம்களில் டீநாய்ஸர் சில இடங்களில் மினுமினுப்பை உண்டாக்கும் என்பதால், முழுப் படத்தையும் போடுவதற்கு முன் இருபது முப்பது ஃபிரேம் மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். சாம்பிளைக் கூட்ட வேண்டியிருந்தால் அந்தக் காட்சிக்கு மட்டும் கூட்டுங்கள்.

ரெண்டரை எப்போதும் தனித்தனிப் படங்களாக வெளியிடுங்கள், வீடியோ கோப்பாக வேண்டாம். அறுநூறாவது ஃபிரேமில் மின்சாரம் போனாலும் அந்த ஃபிரேமிலிருந்தே தொடரலாம்.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு வருகிறேன். ரெண்டர் வேலையைப் பிராசஸரைவிடக் கார்டு பல மடங்கு வேகமாகச் செய்யும். நடுத்தரக் கார்டு ஒன்றே பதினாறு கோர் பிராசஸரைச் சைக்கிள்ஸில் பின்னுக்குத் தள்ளிவிடும். அதனால்தான் உங்கள் பணத்தில் இரவு வேலையைக் கார்டுக்கும், பகல் வேலையை வேகமான ஆறு கோருக்கும் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறேன். சைக்கிள்ஸ் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்று நிறுவனக் கார்டுகளிலும் ஓடும். மாயாவோடு வரும் ஆர்னால்டைக் கார்டில் ஓட்ட வேண்டுமென்றால் என்விடியா கார்டுதான் வேண்டும். வகுப்பில் மாயா என்பதால் இதைக் கவனத்தில் வையுங்கள். கார்டின் வேகத்தைப் போலவே அதன் நினைவகமும் முக்கியம். காட்சி அதற்குள் அடங்காவிட்டால் ரெண்டர் மிகவும் மெதுவாகும் அல்லது நின்றே போகும். 8 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம், 12 கிடைத்தால் வேகத்தில் ஒரு படி குறைந்தாலும் அதையே எடுங்கள்.

பிளெண்டரின் ஈவீ ரெண்டரர் முழுக்கவே கார்டில்தான் ஓடுகிறது. 2025ஆம் ஆண்டு சிறந்த அனிமேஷன் திரைப்படத்துக்கான ஆஸ்கர் பெற்ற லாத்வியப் படமான 'ஃப்ளோ' பிளெண்டரில் உருவாக்கப்பட்டு ஈவீயில் ரெண்டர் செய்யப்பட்டது. முழுநீளப் படம் ஒன்று அதில் வந்திருக்கும்போது முப்பது வினாடிப் படத்துக்கு அது குறைவு என்று நினைக்கத் தேவையில்லை. உங்கள் கதைக்கு அந்தத் தோற்றம் ஒத்துவருமா என்று முதலில் பாருங்கள். ஒத்துவந்தால் ரெண்டர் என்ற கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கையால் வரையும் இருபரிமாண அனிமேஷன் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கிரிட்டாவுக்கும் ஓப்பன்டூன்ஸுக்கும் அண்மைத் தலைமுறை நான்கு கோர் போதும், ரேம்தான் தாராளமாக வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பயன்படுத்தினால், 2021 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து அது பல ஃபிரேம்களை ஒரே நேரத்தில் ரெண்டர் செய்கிறது. அப்போது கோர்கள் உதவும், கூடவே ரேமையும் விழுங்கும்.

இனிப் பெயர்கள். கையில் இருப்பது மிகக் குறைவு என்றால் ஏஎம்டியின் ரைசன் 5 5600 அல்லது இன்டெலின் கோர் ஐ5-12400. இரண்டும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). இரண்டுமே 2022இல் வந்தவை, இன்றைக்கும் மாணவரின் ரிக்கைத் தாங்கும். முதலாவது ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் பொருந்தும் இடம்) உள்ள மதர்போர்டில் டிடிஆர்4 ரேமோடு ஓடும். பின்னாளில் பணம் சேர்ந்தால் அதே மதர்போர்டில், பயாஸைப் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்து, எட்டுக் கோர் 5700எக்ஸையோ பதினாறு கோர் 5950எக்ஸையோகூடப் பழைய பொருளாக வாங்கிப் பொருத்தலாம். 5950எக்ஸ் பொருத்துவதானால் மதர்போர்டும் கூலரும் அந்த வெப்பத்தைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 12400க்கு உரிய எல்ஜிஏ1700 மதர்போர்டுகளில் டிடிஆர்4 வகையும் உண்டு, டிடிஆர்5 வகையும் உண்டு. ரேம் வாங்குவதற்கு முன் மதர்போர்டு எது என்று பார்க்காமல் வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால் ரைசன் 5 7600ஐத் தேர்வு செய்வேன். ஆறு கோர்தான், ஆனால் ஒவ்வொன்றும் 5600இன் கோரைவிடக் கணிசமாக வேகமானது, 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 65 வாட் வகை என்பதால் பெட்டியோடு வரும் கூலரே போதும். ஏஎம்5 மதர்போர்டும் டிடிஆர்5 ரேமும் வேண்டும், செலவு அங்கேதான் ஏறும். அந்தச் சாக்கெட்டுக்கு 2027ஐத் தாண்டியும் புதுப் பிராசஸர்கள் வரும் என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால், படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் மதர்போர்டை மாற்றாமல் பிராசஸரை மட்டும் மாற்றலாம்.

பெயரின் கடைசியில் இருக்கும் எழுத்தைக் கூர்ந்து பாருங்கள். 12400எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600க்கும் 5600எக்ஸுக்கும்கூடக் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் இவற்றை வாங்கிப் பொருத்தினால் திரையில் படமே வராது. கார்டைச் சில மாதம் கழித்துத்தான் வாங்க முடியும் என்றால் எஃப் இல்லாத 12400, அல்லது 7600, அல்லது 5600ஜி வாங்குங்கள். 5600ஜி-க்கு உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் நன்றாகவே இருக்கும், ஆனால் அதன் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பிதான், 5600இல் இருப்பதில் பாதி. கார்டு வாங்கப்போவது உறுதி என்றால் அதைத் தவிர்ப்பேன்.

கோர் எண்ணிக்கையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஐ5-13500ஐப் 'பதினான்கு கோர்' என்று விற்பார்கள். அதில் ஆறுதான் முழு வேகக் கோர்கள், மற்ற எட்டும் மின்சாரம் குறைவாகச் செலவிடும் சிறிய கோர்கள். ரெண்டரில் அந்த எட்டும் உழைக்கும், ரிக் சங்கிலிக்கு உதவாது. மோசமான பிராசஸர் என்று சொல்லவில்லை. 12400 விலையோடு பெரிய வித்தியாசம் இல்லையென்றால் தாராளமாக வாங்கலாம். பதினான்கு என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் மின்னழுத்தம் மிகுந்து நிலைகுலையும் பிரச்சினை இருந்ததை அந்த நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, திருத்தத்தை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. பழைய பொருளாக அந்தத் தலைமுறையை வாங்கினால் பயாஸைப் புதுப்பிக்காமல் ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம்.

கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்து இரண்டு தலைமுறைகளை ஒப்பிடவும் கூடாது. ஒரே கிளாக் வேகத்தில் புதிய வடிவமைப்பு கூடுதல் வேலை செய்யும். ஏஎம்டியின் ஜென் 2 வடிவமைப்பிலிருந்து ஜென் 3க்கு வந்தபோது அந்தக் கூடுதல் 19 சதவீதம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. பத்தாண்டுக்கு முந்தைய 4 கிகாஹெர்ட்ஸும் இன்றைய 4 கிகாஹெர்ட்ஸும் ஒன்றல்ல.

லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்று கேட்டீர்கள். வகுப்புக்குத் தினமும் எடுத்துப்போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் டெஸ்க்டாப். அதே பணத்துக்கு வேகம் கூடுதல், சூடேறி வேகம் குறைவது குறைவு, ஒவ்வொரு பாகமாக மாற்றலாம். கையிலிருக்கும் பழைய லேப்டாப்பை வகுப்புக் குறிப்புக்கும் ஓவியத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டாயம் லேப்டாப்தான் என்றால் பெயரை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். கோர் ஐ7-1255யூ என்பதில் முழு வேகக் கோர்கள் இரண்டே இரண்டு. கோர் ஐ5-12500எச் என்பதில் நான்கு. '7' என்ற எண்ணைப் பார்த்து முன்னதை வாங்கினால் கூடுதல் பணம் கொடுத்துக் குறைந்ததை வாங்கியதாகும். யூ என்பது மின்சாரச் சிக்கனத்துக்கு உரியது, அனிமேஷனுக்கு எச் வகை வேண்டும். ரைசனில் 7000 வரிசை லேப்டாப் பிராசஸர்களுக்கு மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்கிறது. 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. ரைசன் 5 7520யூ பெயரளவில் புதியது, உள்ளே இருப்பது நான்கு ஜென் 2 கோர்கள். கடையில் லேப்டாப்பைச் சோதித்துப் பார்க்க விட்டால் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். முதல் நிமிடத்தில் எல்லா லேப்டாப்பும் வேகமாக ஓடும். பத்து நிமிடம் ரெண்டர் ஓடிய பிறகு கிளாக் வேகம் எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் அதன் உண்மையான வேகம்.

ரேம் 32 ஜிபி என்றேன். அதை 16 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்குங்கள். ஒற்றைத் துண்டாக வாங்கினால் பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதையில் பாதி மூடிக்கிடக்கும். உள்ளமைந்த கிராஃபிக்ஸை நம்பியிருக்கும் மாதங்களில் இது நன்றாகவே தெரியும். பணம் இப்போது 16க்குத்தான் எட்டும் என்றால் 8 ஜிபி துண்டு இரண்டு, நான்கு ரேம் இடம் உள்ள மதர்போர்டு. பவர் சப்ளையில் மட்டும் பெயர் தெரியாத மலிவுப் பொருள் வேண்டாம். இரவெல்லாம் ரெண்டர் ஓடும் கணினிக்கு அதுதான் ஆதாரம்.

பழைய பிராசஸர் வாங்கலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு வரும். பிராசஸர் அவ்வளவு எளிதில் தேய்ந்துபோகிற பொருள் அல்ல, வாங்கலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது, ரைசனில் 2000 வரிசையாவது வேண்டும். அதற்குக் கீழே இறங்க வேண்டாம். என்னைப் போல மலிவான சர்வர் பிராசஸர் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி ஒரு சோதனை செய்யுங்கள். இப்போதிருக்கும் லேப்டாப்பில் உங்களை மிகவும் திணறவைக்கும் கோப்பைத் திறந்து ஓடவிடுங்கள். சிவப்பு எண் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அது ஓடும்போதே டாஸ்க் மேனேஜரில் பிராசஸரின் ஒவ்வொரு த்ரெட்டும் தனித்தனியாகத் தெரியும்படி மாற்றிவிட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் உச்சியைத் தொட்டு மற்றவை சும்மா இருந்தால், நான் சொன்ன சங்கிலிதான் உங்களைத் தடுக்கிறது. எல்லாமே நிரம்பி வழிந்தால் உங்கள் ரிக் நன்றாகப் பிரிகிறது, எட்டுக் கோருக்கு நியாயம் உண்டு. எதுவுமே நிரம்பாமல் இருந்தால், ரேம் நிறைந்துவிட்டதா அல்லது கார்டு தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் பிராசஸரை மாற்றிப் பயனில்லை. இதே சோதனையில், கதாபாத்திரத்தின் சப்டிவிஷனை (பரப்பை மென்மையாக்கும் அமைப்பு) வியூபோர்ட்டில் மட்டும் பூஜ்யமாக்கியும் ஒருமுறை ஓடவிடுங்கள். ஒன்பதில் நின்ற எண் இருபதுக்குத் தாவினால், புதுக் கணினி வரும்வரை வேலை செய்ய வழி கிடைத்துவிட்டது.

பிறகு பிராசஸரின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் சோதனையை உங்கள் லேப்டாப்பில் ஓட்டி, ஒற்றைக் கோர் மதிப்பெண்ணைக் குறியுங்கள். வாங்க நினைக்கும் பிராசஸரின் ஒற்றைக் கோர் மதிப்பெண்ணை, சினிபெஞ்சின் அதே பதிப்பில், அதனால் வகுத்துப் பாருங்கள். இரண்டரை மடங்கு என்று வந்தால், வினாடிக்கு 9 ஃபிரேம் ஓடிய கோப்பு ஏறத்தாழ 22 ஓடும் என்று எதிர்பார்க்கலாம். மூன்று பிராசஸர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டு விலையோடு பக்கத்தில் எழுதினால், எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்பது அக்காவுக்கும் புரியும். அந்தத் தாளையும், த்ரெட்கள் எப்படி ஓடின என்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். கார்டு எது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.